கதவு முன்னாலா, பின்னாலா

மசாவ்ட்சோ கபுக்காவுக்கு அன்று விடிந்ததிலிருந்தே வயிறு சரியில்லை. அதிபர் வந்து இறங்கும் நாளிலெல்லாம் அப்படித்தான். சோளக் கஞ்சியை இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். மனைவி தியாமிகே அதைப் பார்த்துவிட்டாள்.

"இப்பவே சொல்லிட்டேன். உன்னை சித்திபாவுக்கு மாத்தினா நீ மட்டும் போ. ஆஸ்பத்திரி வேலைய விட்டுட்டு நான் அங்க வரமாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான்.

தரையிறங்கி வரும் விமானத்துக்கு இரண்டு ஆரஞ்சு மட்டைகளைக் காட்டி, எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது மசாவ்ட்சோவின் வேலை. பதினோரு வருஷம் பெட்டி தூக்கிய பிறகு கிடைத்தது. மற்ற விமானங்கள் ஒரு முழம் முன்னே பின்னே நின்றால் ஏன் என்று கேட்க ஆளில்லை. அதிபரின் விமானம் மட்டும் தரையிலுள்ள மஞ்சள் குறியில்தான் நிற்க வேண்டும். முன்சக்கரம் அதில் நின்றால் கதவு சிவப்புக் கம்பளத்துக்கு நேராக வரும். இவருக்கு முன்னால் இந்த மட்டைகளைப் பிடித்திருந்த குவாஸா, ஒருநாள் இரண்டு முழம் தள்ளி நிறுத்திவிட்டார். அதிபர் தார்த் தரையில் ஒரு காலை வைக்க வேண்டியதாயிற்று, ஒரே ஒரு கால். குவாஸா இப்போது வடக்குக் கோடியில், சித்திபா ஓடுதளத்தில் ஆடு விரட்டிக்கொண்டிருக்கிறார்.

அன்று இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொண்டது. அதிபரின் சொந்த விமானம் பழுதுபார்க்க வெளிநாடு போயிருப்பதாக ஊரே பேசியது. அப்படியானால் வருவது எது? பாதுகாப்பு அதிகாரி மலுங்காவிடம் போய்க் கேட்டார்.

"அது ரகசியம். எதுல வந்தா உனக்கென்னய்யா? சக்கரம் இருக்கும்ல? குறியில நிறுத்து."

"கதவு எங்க இருக்கும்னு தெரியணுமே ஐயா. பழைய விமானத்துல முன்சக்கரத்துலருந்து மூணு எட்டு. ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு கணக்கு."

"கதவு விமானத்துலதான் இருக்கும். போ, போ."

"அப்ப கம்பளத்தையாவது கடைசி நிமிஷத்துல..."

"நாய் மோந்து பாத்தாச்சு. இனிமே அதிபர் கால் தவிர எதுவும் அது மேல படக்கூடாது. உன் மூச்சுகூட."

பத்து மணிக்கு வர வேண்டிய விமானம் பன்னிரண்டுக்கும் வரவில்லை. மசாவ்ட்சோ நான்கு முறை கழிப்பறைக்குப் போய் வந்தார். குறிக்கும் கம்பளத்துக்கும் இடையே மறுபடி மறுபடி நடந்து அளந்தார். தூரம் மாறவா போகிறது? கால் சும்மா இருந்தால்தானே.

வேலிப் பக்கம், கட்சி லாரிகளில் வந்து இறங்கிய ஆட்டக்காரப் பெண்கள் வெயிலில் காத்திருந்தார்கள். எல்லோரும் கட்டியிருந்தது ஒரே துணி. அதிபரின் சிரித்த முகம், கட்டத்துக்கு ஒன்றாக அச்சடித்த, பாவாடைக்கு மேல் சுற்றும் சிதென்ஜே. பாட்டுக்குத் தலைமை நம்பேவே என்ற பெரிய உடம்புக்காரி. அவள் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

"அடியே, அவர் மூஞ்சி மேல உக்காராதடி! துணியத் திருப்பிக் கட்டிட்டு உக்காரு!" இவரைப் பார்த்ததும் அதட்டல் கேலியாகிவிட்டது. "என்ன தம்பி, தரைய அளந்து விக்கப்போறியா? வா, ஒரு வாய் சோளப்பானம் குடி. பேரே மசாவ்ட்சோ, கஷ்டம்னு அர்த்தம்! உங்கம்மா தெரிஞ்சுதான் வெச்சிருக்கா."

"வயித்த வேற கலக்காதக்கா."

ஒன்றரைக்கு வானத்தில் இரைச்சல் கேட்டது. கேட்டவுடனே மசாவ்ட்சோவுக்குத் தெரிந்துவிட்டது. அது ஜெட் சத்தமில்லை. இரண்டு பக்கமும் விசிறி சுழலும் விமானம். அந்த வகைக்குக் கதவு வால் பக்கம். முன்சக்கரத்திலிருந்து பதினேழு எட்டு.

விமானம் திரும்பி நேராக அவரை நோக்கி வந்தது. குறியில் நிறுத்தினால் கதவு கம்பளத்தை விட்டு எங்கேயோ பின்னால் நிற்கும். முன்னால் கொண்டுவந்தால் இடப்பக்கத்து விசிறி கம்பளத்தின் நுனியைத் தாண்டி வர வேண்டும். கம்பளம் எழும்பி அதற்குள் போகும். வரிசையாக நிற்கும் மரியாதைக் காவலர்களின் தொப்பி போகும், தலை போனாலும் போகும்.

மலுங்காவுக்கும் அப்போதுதான் கதவு கண்ணில் பட்டது. "முன்னால! இன்னும் முன்னால கூப்பிடுய்யா!" என்று கையை ஆட்டிக் கத்தினார். மசாவ்ட்சோவுக்கு சித்திபாவின் ஆடுகள் கண்முன் வந்தன. தியாமிகேயின் முகமும் வந்தது. சக்கரம் குறியைத் தொட்டது. மட்டைகளைத் தலைக்கு மேல் குறுக்காகப் பிடித்துவிட்டார். விமானம் நின்றது.

"தொலைஞ்சடா நீ," என்றார் மலுங்கா.

விசிறிகள் ஓய்ந்தன. நம்பேவே ஒரு பார்வையில் விஷயத்தைப் புரிந்துகொண்டாள். மணப்பெண் வந்தால், பட்டம் வாங்கிய பிள்ளை வந்தால் என்ன செய்வார்களோ அதையே செய்யச் சொன்னாள். "துணிய விரிங்கடி!" பெண்கள் மேலே சுற்றியிருந்த சிதென்ஜேக்களை உருவிக்கொண்டு ஓடினார்கள். கண்மூடித் திறப்பதற்குள் கதவிலிருந்து கம்பளம் வரை துணிப்பாதை. மசாவ்ட்சோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கதவு திறந்தது. அதிபர் படியிறங்கி வந்து, கடைசிப் படியில் ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய கால் அப்படியே நின்றது. கீழே அவரே, நூறு முகமாகச் சிரித்துக்கொண்டு கிடந்தார்.

"திருப்பிப் போடுங்க, திருப்பிப் போடுங்க!" என்று மலுங்கா பல்லைக் கடித்தார்.

"நல்ல சாயம். எந்தப் பக்கம் போட்டாலும் அவர்தான் தெரிவாரு," என்றாள் நம்பேவே. பிறகு பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது. "மிதிச்சுடாதீங்க ஐயா, அது நீங்கதான்!"

அதிபர் சிரித்துவிட்டார். துணிகளுக்குப் பக்கத்தில், வெறும் தாரில் காலை வைத்தார். ஒரு கால் இல்லை, இரண்டு காலும். கம்பளம் வரை பதினாலு எட்டும் நடந்தார். வானம் இடிந்து விழவில்லை. மசாவ்ட்சோவைத் தாண்டிப் போகும்போது அவர் இந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

மறுநாள் பத்திரிகையில் 'தாய்மண்ணில் கால் பதித்து நடந்த அதிபர்' என்று படம் வந்தது. அந்த யோசனை தன்னுடையதுதான் என்று மலுங்கா நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மசாவ்ட்சோ மட்டும் தினமும் மாற்றல் கடிதத்துக்காகக் காத்திருந்தார். அலுவலக ஆள் காகிதக் கட்டோடு எதிரே வந்தாலே கழிப்பறைப் பக்கம் திரும்பிவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது. பிரித்தார். 'அதிபர் வரும் விமானம் எது என்பது, கை காட்டும் ஊழியருக்கு இனி முன்கூட்டியே எழுத்து மூலம் தெரிவிக்கப்படும்.' இரண்டு முறை படித்தார். சித்திபா என்ற வார்த்தையே அதில் இல்லை. பாவம், கண் கலங்கிவிட்டது அவருக்கு. உடனே தியாமிகேவுக்கு போன் போட்டுச் சொன்னார்.

"சரி, வியாழக்கிழமை மறுபடி வர்றாரே, எதுல வர்றாராம்?" என்று கேட்டாள் அவள்.

கடிதத்தோடு சிவப்பு அரக்கு வைத்த சின்ன உறை ஒன்றும் இருந்தது. மேலே எழுதியிருந்ததை மசாவ்ட்சோ அப்போதுதான் படித்தார்.

'ரகசியம். விமானம் வந்து நின்ற பிறகே பிரிக்கவும்.'