நெய் ஊற்றிய கண், ஊற்றாத கண்

காசிமேட்டுக் கரையில் மீன் ஏலம் விடுவது என் நைனாவின் தொழில். வாங்குகிறவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாமல் விரலைக் காட்டுவதுதான் வழக்கம். அதனால் ஏலக்காரனுக்குத் தொண்டையைவிடக் கண் முக்கியம்.

ஒரு நாள் காலையில், காக்கையை விரட்டக் கையை ஆட்டிய மீன்கார அத்தையின் தலையில் ஒரு கூடை கெளுத்தியைக் கட்டிவிட்டார் நைனா.

“யோவ், நான் காக்காவ ஓட்டுனேன்யா! உனுக்கு மூஞ்சில கீறது கண்ணா, கிளிஞ்சலா?”

கரையே சிரித்தது. பெற்ற பிள்ளை நானும் சிரித்தேன். நைனா மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை வியாதி. “கண்ணுக்குள்ள கொசு பறக்குதுடா” என்பார். வேப்பிலைப் புகை போடட்டுமா என்று கேட்டு நான் அடி வாங்கியிருக்கிறேன்.

“டாக்டராண்ட போலாம் நைனா.”

“அவன் கண்ண நோண்டி தட்டுல வெப்பான். நான் வரல.”

அதனால் திருவொற்றியூர் வைத்தியர் வந்தார். நைனாவைப் பாயில் மல்லாத்தி, கண்ணைச் சுற்றி உளுந்து மாவால் வரப்பு கட்டி, அதற்குள் வெதுவெதுப்பான மருந்து நெய்யை ஊற்றிக் கண்ணைத் திறந்து மூடச் சொல்வது அவருடைய வைத்தியம். “சோத்தக் கொறைக்கணும், இனிப்பு கூடாது. அதில்லாம நெய் மட்டும் வேலை செய்யாது” என்றும் சொன்னார். நைனாவின் காதில் நெய் மட்டும் விழுந்தது.

எட்டாவதில் இரண்டு முறை தேறாமல் கோட் அடித்த என் மூளை அன்று வேலை செய்தது. “வைத்தியரே, வலது கண்ணுக்கு மட்டும் ஊத்துங்க. இடது சும்மா கெடக்கட்டும். எது தேறுதுன்னு பாத்துக்கலாம்.”

“அப்பன் கண்ணுல பந்தயம் கட்றியாடா, கஸ்மாலம்!” என்றாள் அம்மா. ஆனால் வைத்தியர் ஒப்புக்கொண்டார். பத்து நாள் நெய் ஊற்றினார். பத்து நாளும் தெருப் பூனைகள் நைனாவின் தலைமாட்டிலேயே குடியிருந்தன.

பதினோராம் நாள் எங்கள் வாசலில் பரீட்சை. அத்தையும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டாள். நைனாவின் இடது கண்ணைத் துண்டால் கட்டினேன். நான்கு முழம் தள்ளி நின்று, ஒவ்வொரு மீனாக வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினேன்.

“சங்கரா. மத்தி. சுறாக்குட்டி.” ஒன்றுகூடத் தப்பவில்லை.

வைத்தியர் மீசையைத் தடவினார். துண்டை வலது கண்ணுக்கு மாற்றினேன். நெய்யையே பார்க்காத இடது கண்ணும் அத்தனையையும் சரியாகச் சொன்னது.

“உள்ளுக்குள்ள நரம்பு வழியா நெய் இந்தப் பக்கமும் வந்துட்டுது” என்றார் வைத்தியர்.

எனக்குச் சந்தேகம். உள்ளே போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். அம்மா விளக்கி வைத்திருந்த அலுமினியத் தட்டை எடுத்து வந்தேன். நெய் ஊற்றிய கண்ணைத் திறந்துவிட்டு, அதற்கு நேராகத் தட்டைத் தூக்கிப் பிடித்தேன்.

நைனா மூக்கைச் சுருக்கினார். இழுத்து மோந்தார்.

“வவ்வாலு மீனு. ஆனா இன்னாடா இது, வாசனையே காணோம்?”

அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். நான் தட்டை அவர் கையில் கொடுத்தேன். அதைத் தடவிப் பார்த்த நைனாவின் முகத்தைக் கண்டதும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

“எப்ப போலாம் டாக்டராண்ட?” என்றார் நைனா.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டார்.

“வெரலு தெரில டாக்டரே. ஆனா நீ காலைல வஞ்சிரம் துன்னுட்டு வந்துகீற.”

டாக்டர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அப்புறம் சொன்னார்: “கண்ணுக்கு உள்ள, பின்பக்கத் திரையில ரத்தம் கசிஞ்சிருக்கு. நெய் அது வரைக்கும் போகாது. சர்க்கரையை அடக்குங்க. இருக்கிற பார்வையையாவது காப்பாத்தப் பார்க்கலாம்.”

நைனா டீயில் சர்க்கரையை விட்டார். சோற்றையும் குறைத்தார். போன பார்வை திரும்பவில்லை. மிச்சம் இருந்தது போகாமல் தங்கியது. ஏலத்தையும் விடவில்லை, வழக்கத்தைத்தான் மாற்றினார்: “என்னாண்ட மீன் வாங்குறவன் வாயத் தொறந்து கேளு!”

ஊமையாக நடந்த எங்கள் ஏலம் கரையிலேயே பெருங்கூச்சலாகிவிட்டது. அத்தை மட்டும் இன்னும் கையை ஆட்டுவாள். ஆட்டும்போதே அலறுவாள்:

“யோவ், இது காக்காவுக்கு!”