ஆபீசுக்கு மட்டும் ஓடிய சிவப்புக் கார்

இன்று காலையில் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன்.

ஓசூரில் நான் நடத்தும் பழைய கார் கடைக்கு அதை விற்க வந்தவர் ஒரு பெங்களூர்த் தம்பி. "பதினெட்டு லட்சம்ணா, ஒரு ரூபா குறையாது. ஆபீசுக்கு மட்டும்தான் ஓட்டினேன்."

வண்டி பளபளவென்று இருந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்.

தம்பியோடு வந்த நண்பருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "போன வாரம் ரேஸ் டிராக்ல என் வண்டிகிட்ட தோத்துச்சே, அந்த வண்டிதாண்ணா இது!"

தம்பிக்கு ரோஷம் வந்துவிட்டது. "யாருடா தோத்தது? பிரேக்ல புகை வர்ற வரைக்கும் முப்பது ரவுண்டு அடிச்சேன் மச்சா! வளைவுக்கு வளைவு உன்னைய முந்தினேன்ல? அண்ணா, நீங்களே சொல்லுங்க."

செல்போனில் வீடியோவும் காட்டினார். பொறுமையாக முழுதும் பார்த்தேன்.

"உங்க வண்டிதான் ஜெயிச்சிருக்கு தம்பி, சந்தேகமே இல்ல. உங்க ஆபீசுக்குப் போற வழியிலதான் வளைவு கொஞ்சம் ஜாஸ்தி போல."

அதற்குப் பிறகு தம்பி பதினெட்டைப் பற்றிப் பேசவில்லை.

விற்க வருகிறவர்கள் இப்படி ஒரு நண்பரோடு வந்தால் எனக்கு மகிழ்ச்சி. உங்களுக்கும் அப்படி ஒருவர் இருக்கிறாரா?

முடிந்த விலை பதினைந்தரை லட்சம். கர்நாடகப் பதிவைத் தமிழ்நாட்டுக்கு மாற்றும் செலவு தம்பியுடையது. நண்பருக்கு டீயும் பன்னும் என் செலவு.