சித்தியோடு வந்த பிரிட்ஜ்

எங்கள் வீட்டுக்கு பிரிட்ஜ் வந்தது சித்தப்பாவின் கல்யாணத்தோடு. வில்கமுவவில் வயல் செய்துகொண்டிருந்த சித்தியின் அண்ணன்மார், கல்யாணம் முடிந்த மறுவாரம் அதை ஒரு லொறியில் நிற்கவைத்துக் கயிற்றால் கட்டி அனுப்பிவைத்தார்கள். ரத்தோட்டைப் பாதையிலிருந்து எங்கள் வீட்டுக்கு இறங்கும் ஒழுங்கையில் லொறி வராது. நான்கு பேர் தோளில் தூக்கி வந்தார்கள். பின்னால் ஊரிலிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் வந்தோம்.

அப்போது வீட்டில் எட்டுப் பேர். தாத்தா, அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, நான், தம்பி. எட்டாவது ஆள் அத்தை. அப்பாவுக்கு மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். பாட்டி இறந்த நாளிலிருந்து அடுப்படி அவர் கையில்தான். அடுப்படியில் விறகுப் புகை என்பதால் பிரிட்ஜை முன்னறையில், டீவிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அங்கே இருந்த ஒரே பிளக்கிலிருந்து ஒரு நீண்ட வயரை இழுத்து, இரண்டின் பிளக்கையும் பக்கத்தில் பக்கத்தில் செருகிக் கரண்ட் கொடுத்தார் சித்தப்பா. ஒரு மாதத்துக்குள் எந்தத் தட்டில் எது இருக்கவேண்டும் என்பதை அத்தை தீர்மானிக்கத் தொடங்கிவிட்டார். சித்தி அதைப் பற்றி எதுவும் பேசியதாக எனக்கு ஞாபகமில்லை.

கதவின் உட்பக்கத்து மேல்தட்டு மட்டும் தபால் நானாவுக்கு. அவர் ஓய்வுபெற்ற தபால்காரர், மேல்வீட்டில் மனைவியோடு இருந்தார். சீனி வருத்தத்துக்குத் தினமும் இரண்டு தடவை ஊசி போட்டுக்கொள்வார். கிளினிக்கில் கொடுக்கும் இன்சுலின் குப்பிகளை ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு எங்களிடம் தந்திருந்தார். பாவிக்கிற குப்பி ஒன்றை மட்டும் தன் வீட்டுத் தண்ணீர்ப் பானையோடு ஒட்டி ஈரத்துணியில் சுற்றி வைத்திருப்பார். அது முடிந்ததும் வந்து அடுத்ததை எடுத்துக்கொண்டு போவார்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்த வருடம் வஹகோட்டைத் தேவாலயத் திருவிழாவுக்கு வீடே சேர்ந்து போனது. வெள்ளி பின்னேரம் போய், அத்தையின் சிநேகிதி வீட்டில் இரண்டு இரவு தங்கி, ஞாயிறு பூசை முடிந்து திரும்புவதாகத் திட்டம். பாதையில் வேன் ஹோன் அடித்துக்கொண்டே நின்றது. தம்பியின் சப்பாத்து ஒன்றைக் காணவில்லை என்று அம்மா கட்டிலுக்கடியில் தேடிக்கொண்டிருந்தார். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இடி விழுந்தால் டீவி போய்விடும், பிளக்கைக் கழற்றிவிட்டு ஓடிவா என்று அப்பா வாசலிலிருந்து என்னிடம் சொன்னார். நான் ஓடிப்போய், கையை நீட்டி, அகப்பட்டதை இழுத்துவிட்டு வந்தேன்.

திருவிழா நன்றாகத்தான் நடந்தது. தம்பி ஒரு முறை தொலைந்து கிடைத்தான். தாத்தா சுரூபப் பவனியில் கடைசிவரை நடந்தார். நான் ஒரு சிவப்பு வளையல் வாங்கிக்கொண்டேன்.

ஞாயிறு மாலை திரும்பியதும் திறப்பை வாங்கிக்கொண்டு ஓடி முதலில் கதவைத் திறந்தது நான்தான். கெட்டுப்போன மீன் வாடை முகத்தில் அடித்தது. தரையில் தண்ணீர் ஓடி டீவி மேசை வரை போயிருந்தது. டீவியின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிரிட்ஜில் சத்தமே இல்லை. என்ன நடந்திருக்கிறது என்று விளங்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. குனிந்து பிளக்கை எடுத்துச் செருகினேன். பிரிட்ஜ் ஒரு தடவை உதறி ஓடத் தொடங்கியது. நிமிர்ந்தபோது இரண்டு கையிலும் பைகளோடு சித்தி வாசற்படியில் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், பிளக்கைப் பார்த்தார். பைகளை உள்ளே கொண்டுபோனார்.

மற்றவர்கள் வந்து மூக்கைப் பொத்தினார்கள். அத்தை பிரிட்ஜின் கதவைத் திறந்தார். உள்ளே விளக்கு எரிந்தது. அப்படியானால் இடையில் கரண்ட் போய் வந்திருக்கிறது என்று தாத்தா முடிவு சொன்னார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அத்தை மீனைக் கொண்டுபோய்ப் புதைத்தார், அம்மா தரையைத் துடைத்தார். நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு, யாரும் கேட்காமலேயே, மிகவும் கவனமாகத் துடைத்தேன்.

அந்த நேரத்தில்தான் தபால் நானா வந்தார். பானையடிக் குப்பி காலையோடு முடிந்துவிட்டதாம், ராச்சாப்பாட்டுக்கு முன் ஊசி போடவேண்டுமாம். வீட்டின் வாடை பட்டதும் தயங்கினார். கரண்ட் கொஞ்ச நேரம் போயிருக்கிறது, மருந்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று அத்தை சொல்லி, டப்பாவை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் ஒரு குப்பியை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

சித்தி அடுப்படிக் கதவோரம் வந்து நின்று என்னைப் பார்த்தார். நான் துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தேன். தபால் நானா டப்பாவை மூடி, சட்டைப் பையில் குப்பியைப் போட்டுக்கொண்டு, படியிறங்கப் போனார்.

“நானா, அத போட வேணாம்” என்றார் சித்தி. அந்த வீட்டில் அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. “கரண்ட் போகல. ரெண்டு நாளும் பிரிட்ஜ் ஓடல. போற அவசரத்துல நான்தான் பிளக்கக் கழட்டிட்டேன்.”

மருந்து கெட்டிருக்குமா இல்லையா என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தபால் நானா குப்பியைத் திரும்பவும் டப்பாவில் போட்டார்.

“சொன்னது நல்லம் மகள்” என்றார். “போட்டிருந்தா எனக்கெங்க தெரியப் போகுது.”

சித்தப்பா அவரைத் த்ரீவீலில் மாத்தளைக்குக் கூட்டிக்கொண்டு போய், புது மருந்தோடு எட்டு மணிக்குள் திரும்பிவிட்டார். ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் திரும்பும்வரை வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அத்தை ஏசினார். ஒரு மனுசனுடைய உயிர் என்றார், வந்து ஒரு வருடமாகியும் பொறுப்பில்லை என்றார். முன்பு தன்னை ஏசிய அதே சொற்கள் என்பதாலோ என்னவோ, அம்மா தலையைக் குனிந்துகொண்டு வெங்காயம் உரித்தார். கடைசியில் அத்தை சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

“கொண்டு வந்தா மட்டும் போதாது. இனி நீ பிரிட்ஜ்ல கைய வைக்காத.”

சித்தி சரி என்றார்.

மறுநாள் கிணற்றடியில் என் பள்ளிச் சட்டையைச் சித்திதான் தோய்த்தார். நான் பக்கத்தில் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் சொல்லிவிடுவாரோ என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை.

“நீ சொல்லுவேன்னு கொஞ்ச நேரம் பாத்தேன்” என்றார், சட்டையைப் பிழிந்துகொண்டே. குரலில் கோபம் இல்லை. கோபம் இல்லாததால் விஷயம் முடிந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். மனது லேசாகிவிட்டது. வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினேன்.

அதற்குப் பிறகு சித்தி என்னோடு அதிகம் சேர்ந்துகொண்டார் என்றுதான் நினைத்தேன். பாலை எடுத்துத் தா என்பார், மிளகாயை உள்ளே வைத்துவிடு என்பார். தம்பியைக் கேட்கமாட்டார், அம்மாவைக் கேட்கமாட்டார், என்னைத்தான் கேட்பார். வீட்டில் வேறு யாருக்கும் கிடைக்காத ஒரு இடம் எனக்குக் கிடைத்திருக்கிறது என்று தம்பியிடம் பெருமையடித்திருக்கிறேன். பிரிட்ஜைப் பற்றிச் சொன்ன அந்தச் சொல்லை அத்தை ஒரு வாரத்திலேயே மறந்திருப்பார். சித்தி மறக்கவில்லை.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை. மீன்காரன் வந்து போயிருந்தான். கழுவி உப்புப் போட்ட மீன் சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு பிரிட்ஜுக்கு முன்னால் நின்றிருந்தார். சட்டியிலிருந்து வடிந்த தண்ணீர் முழங்கை வழியாக இறங்கி அவர் சேலை நனைந்திருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ.

“வந்துட்டியா” என்றார். “கொஞ்சம் திறந்து விடு.”

பையைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்த் திறந்துவிட்டேன். எனக்காகவே காத்துக்கொண்டிருந்தார் என்பதில் அன்று முழுவதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.