ஸ்ரீரங்கத்துக்கு யோசனை கேட்கப் போன ஹைப்ரிட் கார்

கைலாசபுரத்திலிருந்து ஸ்ரீரங்கம் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். இதைப் பயணம் என்று சொல்லிக்கொள்ள எனக்கே கூச்சம்தான். ஆனால் அந்தச் சனிக்கிழமை காரின் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. ஹைப்ரிட் சிஸ்டத்தைச் சோதிக்கவும் என்று கீழே ஒரு வரி வேறு. அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே போனால் வழியிலிருக்கிற பால்பண்ணை ஸ்டாப்பிங்கூட வெளியூர் மாதிரி தெரியும்.

எங்களுடையது பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடுகிற வண்டி. இடது காலால் மிதிக்கிற கிளட்ச் கிடையாது. என் மனைவி வசந்திக்கு இடது முழங்கால் மடங்காமல் போனபிறகு பஸ் படி ஏற முடிவதில்லை. அவளால் ஓட்ட முடிவதும் இதை மட்டும்தான். சனிக்கிழமை தவறாமல் தானே ஓட்டிக்கொண்டு போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு, உத்திர வீதியில் அக்கா வீட்டில் சாப்பிட்டு வருவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இதை விற்றால் எங்கள் கைக்கு எட்டுவது கிளட்ச் வைத்த ஏதாவது பழைய கார். அதோடு அவள் ஓட்டுவது நின்றுவிடும்.

எட்டரை மணிக்குக் கிளம்பினோம். விளக்கு எரிகிற வண்டியை அவளிடம் தர மனமில்லாமல் நானே ஓட்டினேன். முதலில் தஞ்சாவூர் ரோட்டில் ஒரு சர்வீஸ் சென்டர். ஏசி அறை, ஓசிக் காபி. ஓசியில் காபி வருகிற இடத்தில் எனக்கு எப்போதும் கொஞ்சம் பயம். அங்கிருந்த இளைஞர் லேப்டாப்பை வண்டியில் செருகினார், பார்த்தார், கழற்றினார். ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை.

"பேட்டரி ஹீட் ஆகுது சார். மாத்திடறது நல்லது. ஒரு லட்சத்து எண்பதாயிரம் வரும். இல்லேன்னா எக்ஸ்சேஞ்ச் போட்டுடுங்க, நாலு லட்சம் தர்றோம். இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான் சார் இந்த ரேட்டு."

"ஆறு மணிக்கு மேல வண்டிக்கு என்ன ஆயிடும்?"

"வண்டிக்கு ஒண்ணும் ஆகாது சார். ஆஃபர் முடிஞ்சிடும்."

இந்த அவசரமே எனக்குப் பிடிக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவி, காந்தி மார்க்கெட் நெரிசலில் ஊர்ந்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, ஸ்ரீரங்கம் போய்ச் சேரப் பதினொன்றரை ஆகிவிட்டது. சேவித்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனோம்.

"வாங்கோ, வாங்கோ. இன்னிக்கு சேவை நன்னா ஆச்சோ?" என்றார் சேஷாத்ரி. வசந்தியின் அக்கா புருஷன், என் சகலை. போன வருஷமே இந்தக் காரை விலைக்குக் கேட்டவர். ஆகவே விஷயத்தைச் சொல்லும்போது அவர் முகத்தையே கவனித்தேன். சந்தோஷம் தெரிகிறதா என்று பார்த்தேன்; தெரியவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

"அவசரப்பட்டு எக்ஸ்சேஞ்சுல தள்ளிடாதேங்கோ. திருவானைக்காவல்ல காஜா பாய்னு ஒருத்தர் இருக்கார். ஷார்ஜால இந்த மாதிரி வண்டியாப் பாத்துண்டிருந்தவர். அவர்ட்ட ஒரு தடவை காட்டிடுவோம், நானும் வரேன்."

வண்டியின் மேல் கண் வைத்தவர் எதற்காக ரிப்பேருக்கு வழி சொல்கிறார்? கமிஷனாக இருக்குமோ? சாத்தமுது சாதத்தைப் பிசைந்துகொண்டே யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

மூன்று மணிக்குத் திருவானைக்காவல். காஜா பாய் ஓயாமல் பேசுகிறவர். ஷார்ஜா வெயிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டே பின்கதவைத் திறந்து, பின்சீட்டின் ஓரத்திலிருந்த பிளாஸ்டிக் சல்லடை மூடியைக் கழற்றினார். இவ்வளவு நாளும் அதை நான் ஸ்பீக்கர் என்று நினைத்திருந்தேன். உள்ளே ஒரு சின்ன ஃபேன். அதன் இறக்கை தெரியாமல் காய்ந்த துளசி அப்பிக் கிடந்தது.

"என்னங்க இது, உள்ள தோட்டம் போட்டிருக்கீங்க? பேட்டரிக்குக் காத்து போற வழிங்க இது. இதை அடைச்சா சூடாகாம என்ன செய்யும்?"

வசந்தி தலையில் அடித்துக்கொண்டாள். சனிக்கிழமைதோறும் சன்னதியில் தருகிற துளசிமாலையைக் காலடியில் போடக்கூடாது. மனுஷர் உட்காருகிற சீட்டிலும் வைக்கக்கூடாது. மாட்டுவதற்கு வாகாக அந்தச் சல்லடை மூடிதான் இருந்தது. வாரம் தவறாமல் அதில் மாட்டியவன் நான்.

சுத்தம் செய்து, விளக்கையும் அணைத்து, ஆயிரத்து இருநூறு ரூபாய் கேட்டார். "ரெண்டு வாரம் ஓட்டிப் பாருங்க. திரும்ப லைட் வந்தா பேட்டரியே போயிருக்குன்னு அர்த்தம். வராதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. லட்சக்கணக்கில் சொன்ன நோய்க்கு ஆயிரத்து இருநூறில் வைத்தியமா? வெறும் விளக்கை மட்டும் அணைத்திருந்தால்? இரண்டு வாரத்தில் வண்டி படுத்துவிடும், அப்போது சேஷாத்ரி பாதி விலைக்குக் கேட்பார்! எல்லாம் பொருந்திவிட்டது. வசந்தியை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"ஆறு மணிக்குள்ள போனா நாலு லட்சம் கிடைக்கும். இப்பவே குடுத்துடலாம். உங்க அத்திம்பேர் போடற திட்டம் எனக்குப் புரிஞ்சுடுத்து."

முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கையை நீட்டினாள். "சாவியைக் குடுங்கோ."

"எதுக்கு?"

"சர்வீஸ் சென்டர்ல கேட்டேள், அத்திம்பேரைக் கேட்டேள், பாயைக் கேட்டேள். வண்டி ஓட்டறவ நான். என்னை ஒரு வார்த்தை கேட்டேளா? விக்க வேண்டாம், ரெண்டு வாரம் நானே ஓட்டிப் பாக்கறேன்."

கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது. சாவியைக் கொடுத்தேன். சேஷாத்ரியை அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டோம். நான் ஓரமாக முணுமுணுத்தது அவர் காதில் விழுந்ததோ என்னவோ, "போயிட்டு போன் பண்ணுங்கோ" என்று மட்டும் சொன்னார்.

மாம்பழச்சாலை தாண்டிக் காவிரிப் பாலத்தில் ஏறும்போது எனக்கு வெயிலும் தெரியவில்லை, எதிரே வந்த பஸ்ஸும் தெரியவில்லை. மஞ்சள் விளக்கு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மீட்டரைப் பாக்காதேங்கோ, எனக்குக் கூசறது. ஆத்தைப் பாருங்கோ" என்றாள்.

பார்த்தேன். எத்தனையோ சனிக்கிழமைகள் அவள் ஓட்ட, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு இதே பாலத்தைக் கடந்திருக்கிறேன். பாதி நாள் தூங்கிக்கூடப் போயிருக்கிறேன். உலகத்தில் நான் சந்தேகப்படாத ஆள் ஒருத்தி இருந்திருக்கிறாள். அவளிடம்தான் ஒன்றும் கேட்காமல் இருந்திருக்கிறேன்.