மேலே நிற்கிற குழாய்

அன்றைக்கு இருந்தவர்களை ஒருவர் விடாமல் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் தங்களை விட்டுவிட்டேன் என்று கோபிக்கக் கூடாது. அம்மா, கிளிநொச்சியிலிருந்து வந்த பெரிய மாமா, நான், எங்களை ஏற்றிப்போன ஓட்டோக்காரர், கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய வாகனச் சாமான் விற்கிற முதலாளி. நடுவில் வந்துபோன ஒரு பொலிஸ்காரரையும் சேர்த்துக்கொள்ளலாம். அப்பா இல்லை, கொள்ளுப்பிட்டிக் கடையில் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. மாமியும் இல்லை. மாமி எங்கே என்று மாமாவிடம் கேட்கவே கூடாது என்று அம்மா முதல் நாளே என்னை எச்சரித்திருந்தார். எதற்கும் பயப்படுகிற பிள்ளை நான். வாய் தவறிக் கேட்டுவிடுவேனோ என்று காலையிலிருந்து மாமாவோடு பேசவே இல்லை.

மாமா வந்த காரியம், உழவு இயந்திரத்துக்குப் புகைக்குழாய் வாங்குவது. யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பியபோது அவருக்கென்று மிஞ்சியது அந்தப் பழைய சிவப்பு இயந்திரம்தான். கடற்கரையோரம் சனங்கள் கைவிட்டுக் குவிந்து கிடந்த வாகனங்களுக்குள் தேடிப் பிடித்து அதைக் கொண்டுவந்திருந்தார். மழை தொடங்குமுன் அது ஓட வேண்டும். ஓடினால்தான் அவருடைய வயலும் பக்கத்து வயல்களும் விதைக்கலாம். இல்லையென்றால் அந்தப் போகம் போனதுதான். அளவு பார்க்கப் பழைய குழாயையும் கழற்றிச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

சாக்கில் சுற்றிய நீள இரும்போடு ஒரு தமிழ் ஆள் எங்கள் வெள்ளவத்தைத் தெருவில் இறங்கினால் என்ன ஆகும் என்று அம்மாவுக்குக் கவலை. என் பயமெல்லாம் அம்மா தந்த சீதனம்தான். சாக்கை எறிந்துவிட்டு, தன்னுடைய கத்தரிப்பூ நிறச் சேலையால் குழாயைப் பத்திரமாகச் சுற்றினார்.

"இப்ப பாக்க எப்பிடி இருக்கு அண்ணை?"

"குளிக்க வாத்துச் சுத்தின பிள்ளை மாதிரி இருக்கு."

மாமா பகிடி விட்டு நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

பகிடி பலித்துவிட்டது. சோதனைச் சாவடியில் ஓட்டோவை மறித்த பொலிஸ்காரர், அம்மாவின் மடியில் இருந்ததைப் பிள்ளை என்று நினைத்து முகம் பார்க்கக் குனிந்தார். தலை இருக்கவேண்டிய இடத்தில் கரி பிடித்த ஓர் இரும்பு வாய் இருந்தது.

"மொகக்த மே?" இது என்ன என்று அவர் பின்வாங்கினார்.

அம்மாவுக்குச் சிங்களம் நன்றாக வரும். அந்த நேரம் ஒரு சொல்லும் வரவில்லை. ஓட்டோக்காரர்தான் இறங்கி விளக்கினார். பொலிஸ்காரர் சிரித்துவிட்டார். அவருடைய அப்பாவிடமும் இதே மாதிரி ஒன்று இருக்கிறதாம். "உடட்ட தான்ன, அங்கிள்," குழாயை மேலே நிமிர்த்திப் பூட்டுங்கள் என்று ஆலோசனையும் சொல்லி அனுப்பினார். அம்மா சிரித்தார், நானும் சிரித்தேன். மாமா மட்டும் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து, விரல்களை விரித்து, யார் பார்த்தாலும் தெரிகிற மாதிரி வைத்திருந்தார். ஓட்டோ ஓடத் தொடங்கிய பிறகும் அந்தக் கைகள் அசையவில்லை.

பஞ்சிகாவத்தைக் கடையில் முதலாளி இரண்டு விதமான குழாய்களை எடுத்துப் போட்டார். ஒன்று எஞ்சினுக்கு மேலே நேராக நிற்பது. அதன் நுனியில் ஒரு சின்ன மூடி. எஞ்சின் ஓடும்போது புகை தள்ளத் தள்ள அது டப் டப் என்று வாயடிக்குமாம். நான் அப்போதே மனதுக்குள் அதைத் தெரிவுசெய்துவிட்டேன். மற்றது வயிற்றுக்குக் கீழால் வளைந்து பின்பக்கம் போவது.

முதலாளி பழைய குழாயின் ஓட்டைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "இது துருவா அண்ணன்?"

"துருதான்."

ஓட்டைகளின் விளிம்புகளெல்லாம் உள்பக்கம் மடிந்திருந்தன. துரு அப்படி மடிக்காதே என்று சொல்ல நினைத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

"கீழால போறதைத் தாங்கோ," என்றார் மாமா.

"என்ன அண்ணன் சொல்றீங்க? வயலுக்குள்ள இறங்கினா தண்ணியும் சேறும் உள்ள பூந்து எஞ்சின் நிண்டுரும். வைக்கல் ஏத்துற நேரம் நெருப்புப் புடிச்சாலும் புடிக்கும். உங்கட மெசினுக்கு வந்ததே மேல் குழாய்தானே?"

"ஓம். மேல நிண்டா தூரத்திலயே தெரியும்."

"தெரிஞ்சா நல்லம்தானே மாமா?" என்றேன். அன்று நான் அவரோடு பேசிய முதல் பேச்சு அது.

முதலாளி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் பிளேன்டீ கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். வியாபாரம் முடியுமுன் தேநீர் தருகிற முதலாளியை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை.

அம்மா மாமாவின் பக்கத்தில் போய் நின்றார். "அண்ணை, இப்ப பிளேன் வாறதில்லையே, மேல இருந்து ஆர் பாக்கினம்?"

மாமா நிமிர்ந்து பார்த்தார். கடைத்தகரங்களுக்கு நடுவே கொஞ்சம்போல வானம் தெரிந்தது. மேல் குழாயைத் தூக்கி நிமிர்த்தி வைத்தார். பிறகு படுக்கவைத்தார். திரும்பவும் நிமிர்த்தினார்.

"விதைக்கவேணுமே தங்கச்சி," என்றார் கடைசியில். அதையே வாங்கினோம். நான் கேட்ட கேள்வியால்தான் மாமா மனம் மாறினார் என்று எனக்குப் பெருமை.

தீபாவளி லீவுக்கு நாங்கள் கிளிநொச்சிக்குப் போனோம். மழை பிடித்திருந்தது, குழாயும் நன்றாக வேலை செய்தது. மூடி வாயடிக்கிற சத்தம் வயலின் அந்தத் தொங்கல்வரை கேட்டது. இயந்திரத்தின் சிவப்புத்தான் துளியும் தெரியவில்லை. முன்பக்கம் முழுக்கச் சேறு. பாவம், மாமாவுக்குக் கழுவ நேரமில்லை என்று நினைத்துக்கொண்டேன். குழாயைச் சுற்றி வேப்பங்கொப்புகள் கட்டியிருந்தார். சூட்டில் கருகியவற்றை அவிழ்த்துவிட்டு, காலையில் புதிதாக முறித்துவந்து கட்டிக்கொண்டிருந்தார்.

தீபாவளிச் சோடனை என்று எனக்கு ஒரே சந்தோசம். நானும் ஓடி ஓடிக் கொப்பு முறித்துக் கொடுத்தேன். எல்லாம் கட்டி முடிந்ததும், வேலியில் பூத்திருந்த ஒரு பெரிய செவ்வரத்தம்பூவைப் பறித்துவந்து, எல்லாவற்றுக்கும் மேலே செருகினேன்.

மாமா இதழ் ஒன்றும் கசங்காமல் பூவை எடுத்து என் கையில் வைத்தார்.

"சிவப்பு வேண்டாம் பிள்ளை."

மாமாவுக்குச் சோடிக்கவே தெரியாது, வெறும் பச்சையாக வைத்துக் கட்டியிருக்கிறார் என்று கொழும்புக்குத் திரும்பும் வழியெல்லாம் அம்மாவிடம் குறை சொல்லிக்கொண்டு வந்தேன்.