யவன ராஜாவின் நெற்றிக்காசு

அப்பா இறந்த செய்தியோடு அக்காவின் கணவர் ராஜபாளையத்திலிருந்து வந்து நின்றபோது நான் பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தேவதானம் கிராமத்து வயலை அக்கா பேருக்கு எழுதிவைத்த கோபத்தில், கொள்ளி வைக்கக்கூட வரமாட்டேன் என்று அப்பாவிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தேன். நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்தான்.

"மாப்ளே, ஒத்த ஆம்பளப் பிள்ளை நீ. நீ வாரவரைக்கும் எடுக்க மாட்டோம்" என்றார் அவர். பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் வெயிலில் இறங்கி நடந்தேன்.

அன்று சரித்திர வகுப்பில் வடமேற்கே பாக்திரியா தேசத்தை ஆண்ட யவன ராஜாவின் பாடம். பையன்களுக்குக் காட்ட அவனுடைய வெள்ளிக்காசே என் மடியில் இருந்தது. வடக்கே சரக்கெடுக்கப் போன ராவுத்தர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது. தொப்பி போட்ட பக்கவாட்டு முகம். எங்கிருந்தோ வந்து சிம்மாசனத்தைப் பிடித்தான், முந்நூறே பேரை வைத்துக்கொண்டு பெரும்படையின் முற்றுகையிலிருந்து தப்பினான், மகாராஜா என்று காசில் பொறித்துக்கொண்டான் என்று வீராப்பாகச் சொல்லிக்கொண்டே போனேன். கடைசியில், கூடவே அரசாள வைத்திருந்த சொந்த மகனே அவனைக் கொன்றான். ரத்தத்தின் மேல் தேரை ஓட்டினான். ஈமக்கிரியை கூடாதென்று பிணத்தை வீசிவிட்டுப் போனான்.

"அப்போ யாரு சார் கொள்ளி வச்சது?" என்று ஒருவன் கேட்டான்.

சித்திரை வெயிலில் அந்தக் காசு என் உள்ளங்கையில் கிணற்றுக்குள் கிடந்த கல்லைப் போலக் குளிர்ந்தது. பாடத்தை அப்படியே விட்டுவிட்டு ராஜபாளையத்துக்கு மாட்டுவண்டி பிடித்தேன்.

அப்பாவைக் குளிப்பாட்டியதும் நெற்றியில் வைக்க அக்கா காசு கேட்டாள். மடியில் கைவிட்டு அதைத்தான் கொடுத்தேன். தெரிந்து கொடுத்தேனா, தெரியாமல் கொடுத்தேனா, இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நெற்றிக்காசு சுடுகாட்டில் வெட்டியானுக்கு உரியது. எடுத்தவன் குளிர் ஏறியதுபோல விரலை உதறினான். காசின் கதை அவனுக்குத் தெரிய வழியில்லை. அதிலிருந்த முகத்தைச் செத்த நேரம் பார்த்தான்.

"எனக்கு வேண்டாம் சாமி. இவிய இன்னும் வேகல."

காசை வாங்கி அப்பாவின் நெஞ்சில் வைத்தேன். மேலே வறட்டி அடுக்கினார்கள். இருவருக்கும் சேர்த்தே கொள்ளி வைத்தேன்.

மறுநாள் பால் தெளிப்பதற்கு முன் எலும்பு பொறுக்கினோம். சாம்பலுக்குள் காசும் அகப்பட்டது. முகம் உருகி வழவழப்பாகியிருந்தது. கையில் எடுத்தேன், சூடாக இருந்தது. அப்போதுதான் அப்பா என்று அழுதேன்.