திருவுளச் சீட்டில் வந்தவன்

பஜனைக்குப் பத்துப் பேரைச் சேர்ப்பதற்கே நாக்குத் தள்ளும் ஊரில், பாறை ஏறக் கூப்பிட்டதும் ஒரு வேன் நிறைய ஆள் சேர்ந்துவிட்டது. எங்கள் கோயில் இளைஞர் குழுவை நடத்திவந்த அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் சிவகாசியில் அச்சாபீஸ் வைத்திருப்பவர், வெளியூரில் படித்த காலத்தில் கயிறு கட்டி மலை ஏறக் கற்றவர். வெள்ளிக்கிழமை பூஜைக்கு வந்து ஆளுக்கொரு மூலையில் செல்போனைத் தடவிக்கொண்டிருந்த எங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தார். "ஒருத்தன் உசிரு இன்னொருத்தன் கையில இருந்தாத்தான் நீங்கள்லாம் ஒண்ணு சேருவீக" என்று ஒருநாள் அறிவித்தார்.

உயிர் கையில் இருப்பதெல்லாம் எங்களுக்குப் புதிதா என்ன? குழுவில் பாதிப் பேர் பட்டாசுக் கம்பெனி நடத்துகிற வீட்டுப் பிள்ளைகள். மீதிப் பேர் அந்தக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். முன்பெல்லாம் கலந்துதான் உட்காருவோம். எங்கள் கம்பெனியில் விபத்து நடந்த பிறகு கோயில் மண்டபம் இரண்டாகிவிட்டது. முதலாளி வீட்டார் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம், நான் மட்டும் தூணோரம் தனியாக. என் பக்கத்தில் உட்கார இரண்டு தரப்புக்குமே மனசில்லை.

அந்த விபத்தில் இறந்துபோனது ஒரே ஒருத்தி. அவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவளுடைய தம்பியும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். அவனும் அப்போது வேறொரு கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் வேலை பார்த்தான். அக்கா போனதும் அதை விட்டுவிட்டு அண்ணாச்சியின் அச்சாபீஸில் சேர்ந்துகொண்டான். அதன் பிறகு இரண்டு வருஷமாக என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

யாருக்கு யார் கயிறு பிடிப்பது என்று முடிவு செய்ய, அண்ணாச்சி அம்மன் முன்னால் திருவுளச் சீட்டுப் போட்டார். பெயர் எழுதிய சீட்டுகளைத் தாம்பாளத்தில் குலுக்கி, பூசாரியின் சின்ன மகளை இரண்டிரண்டாக எடுக்கச் சொன்னார். என் சீட்டோடு அவன் சீட்டு வந்தது. இரண்டு பக்கத்துத் தலைகளும் தூணோரம் திரும்பின.

"வேற ஆள மாத்திக்கலாமா அண்ணாச்சி?" என்றேன்.

"அம்மா முன்னால எடுத்த சீட்டு. மாத்த நான் யாரு?" என்றார். அந்த நேரத்தில் அவரைப் பிடித்து உலுக்கவேண்டும்போல் எனக்கு ஆத்திரம் வந்தது. அவன் குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு செருப்பைத் தேடப் போய்விட்டான்.

வராமல் இருந்திருக்கலாம். காய்ச்சல் என்று படுத்திருக்கலாம். அப்படிச் செய்தால் ஊர் என்ன பேசும் என்பது எனக்கு மனப்பாடம். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை வேனில் ஏறினேன். வழக்கம்போல என் பக்கத்து இருக்கை காலி. தண்ணீர்க் கேனை வைத்தார்கள்.

காரியாபட்டி தாண்டி, அடிவாரத்தில் ஒரு சின்னக் கோயிலோடு நின்றது அந்தப் பாறை. அண்ணாச்சி உச்சிக்குப் போய்க் கயிற்றைக் கட்டி இறக்கிவிட்டு அங்கேயே காவலுக்கு நின்றுகொண்டார். ஏறுகிறவனின் இடுப்புப் பட்டையில் கயிற்றின் ஒரு முனை. அது உச்சிக்குப் போய்த் திரும்பி வந்து, கீழே நிற்பவனின் கைக்கு வரும். அவனுக்குப் பின்னால் துணைக்கு இன்னொருவன் வால்கயிற்றைப் பிடித்திருப்பான். "என்ன நடந்தாலும் கயித்த விடக் கூடாது" என்று மேலே போகுமுன் அண்ணாச்சி மூன்று தடவை சொல்லச் சொன்னார். அர்ச்சனைக்குச் சொல்வதைப்போல நாங்களும் திருப்பிச் சொன்னோம்.

சொல்லிவிட்டோமே தவிர, எங்கள் உடம்புக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு. பட்டாசுக் கம்பெனியில் முதல் நாள் கற்றுத்தருகிற பாடம் ஒன்றுதான். சத்தம் கேட்டால் கையில் உள்ளதைப் போட்டுவிட்டு ஓடு, திரும்பிப் பார்க்காதே. கடைசிவரை எங்களைக் காப்பாற்றுவதும் அதுதான்.

விபத்தன்று நானும் ஓடினேன். நான் அறைக்கு வெளியே நின்று, உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்த அக்காவிடம் ஆர்டர் கணக்குப் பேசிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டதும் வேலிவரை ஓடிவிட்டேன். யார் வந்து விசாரித்தாலும் நான் எதையும் கேட்கவில்லை என்று சொல்லச் சொன்னார் அப்பா. நானும் சொன்னேன். போலீசிடம் சொன்னேன், சொந்தக்காரர்களிடம் சொன்னேன், அம்மனிடமும் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்த வார்த்தைக்குள்ளேயே நான் அடைபட்டுப்போனேன். சாப்பிடும்போதும் அதுதான், சீசன் நேரத்தில் லோடு ஏற்றும்போதும் அதுதான். வெளியே வர ஒரு கதவுகூட இல்லை.

என் முறை வந்தது. பாதிப் பாறைவரை ஏறிவிட்டேன். அதற்கு மேல் கை வைக்க இடமில்லை.

"முடியல, இறக்கி விடு" என்று கத்தினேன்.

கயிறு இறுகியது, இறங்கவில்லை. குனிந்து பார்த்தேன். அவன் கயிற்றைப் பிடித்தபடி அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு கேக்கணும் மொதலாளி," என்றான். இரண்டு வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "அன்னைக்கு எங்கக்கா உங்களக் கூப்பிட்டுச்சா? நீங்க கேட்டீகளா?"

மேலேயும் போகமுடியாது, கீழேயும் இறங்கமுடியாது. ஓடுவதற்குத் தரையே இல்லை. பாறைச் சூடு கன்னத்தில் அடித்தது. எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"நான் எதையும் கேக்கல," என்றேன். பழகிப்போன வாய்.

"சரி," என்றான். அப்போதும் இறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அடிவாரக் கோயிலில் யாரோ காதுகுத்துக்கு அதிர்வேட்டுப் போட்டார்கள். திருவிழா வேட்டெல்லாம் எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அறிவிப்பில்லாமல் முதுகுக்குப் பின்னால் கேட்கிற முதல் சத்தம் வேறு. என் கை இரண்டும் பாறையை விட்டுவிட்டன. விழுந்துகொண்டே பார்த்தேன். கீழே நின்ற அத்தனை பேரும் தண்ணீர்ப் பாட்டிலையும் ஹெல்மெட்டையும் வீசிவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு நாலா பக்கமும் ஓடினார்கள். வால்கயிற்றைப் பிடித்திருந்தவனும் ஓடினான்.

நான் இரண்டு ஆள் உயரம் விழுந்திருப்பேன். இடுப்புப் பட்டை வெடுக்கென்று இழுத்தது. நின்றுவிட்டேன்.

அவன் ஓடவில்லை. பாறையில் ஒரு காலை ஊன்றி, கயிற்றை இடுப்போடு சேர்த்து அணைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். மருந்து கலந்தவன். எங்கள் எல்லாரையும்விட முதலில் ஓடியிருக்க வேண்டியவன்.

எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன்.

"கூப்பிட்டுச்சு," என்றேன். "தம்பி, கையப் பிடின்னு கூப்பிட்டுச்சு. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. நான் திரும்பல."

கொஞ்ச நேரம் நான் அப்படியே தொங்கினேன். பிறகு கயிறு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத் தொடங்கியது. ஓடியவர்கள் காதுகுத்து வேட்டுதான் என்று தெரிந்து, அசடு வழிந்துகொண்டு ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள்.

தரையில் கால் பட்டதும் அவன் கைகளைப் பார்த்தேன். கயிறு ஓடி இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது. தண்ணீர் ஊற்றினேன். கையை இழுத்துக்கொள்ளாமல் காட்டிக்கொண்டு நின்றான்.

"வலிக்கா?" என்றேன்.

"இத எங்கம்மாட்ட நீ சொல்லணும்லே. கூப்பிட்டுச்சான்னு அது தெனமும் கேக்குது."

"சொல்றேன்."

"இன்னைக்கே."

திரும்பும்போது வேனில் நான் வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தேன். அவன் தண்ணீர்க் கேனைத் தூக்கிப் பின்னால் கொடுத்துவிட்டு, என்னை ஜன்னலோரம் தள்ளி, வெளிப்பக்கம் உட்கார்ந்துகொண்டான். துண்டு சுற்றிய இரண்டு கையையும் முன்சீட்டுக் கம்பியில் வைத்து வழியை அடைத்துக்கொண்டான். ஆமத்தூரில் டீக்கு நிறுத்தியபோதும் அவன் எழுந்திருக்கவில்லை, அதனால் நானும் இறங்கவில்லை. யாரோ ஜன்னல் வழியாக இரண்டு டீயை நீட்டினார்கள்.

சிவகாசியில் எங்கள் தெரு முனையில் வேன் நின்றது. எங்கள் வீட்டு மாடியில் கம்பெனி விளம்பரப் பலகை தெரிந்தது. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் அசையவில்லை.

"இவன் இங்கன இறங்கல அண்ணே," என்றான் அவன். "நாரணாபுரத்துக்கு விடுங்க. எங்க வீட்டுக்கு வாரான்."